மிளகாய்த் தூளைக் கடைசியில் போடு

அன்புள்ள தம்பி,

போன வாரம் நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு, "அப்பா, அந்த உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் ஓவன்ல எப்படிப்பா செய்வீங்க? நான் செஞ்சா கொழகொழன்னு வருதுலா" என்று கேட்டாயே, அப்போது நான் உடனே பதில் சொல்லவில்லை. "லைன் சரியில்ல, திரும்பச் சொல்லு" என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். பினாங்குத் தீவில் சுடுதண்ணீர்கூட வைக்கத் தெரியாத ஆண்களின் பட்டியல் போட்டால் முதலில் நிற்பவர் உன் அப்பா என்று உன் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னவன் நீ. ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். நான் அதற்கு முன்பே சமைக்கக் கற்றிருந்ததை அம்மா உனக்குப் பிறகுதான் சொல்லியிருக்கிறாள். இப்போது அதே வாயால் சமையல் குறிப்பு கேட்கிறாய். ஆண்டவன் இருக்கிறான்.

"வாட்ஸ்அப்ல நாலு வரி போட்டா போதும்பா" என்றாய். நாலு வரியில் அடங்கும் விஷயமாக இருந்தால் உனக்குக் கொழகொழவென்று வந்திருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதியதை நம் ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன், மற்ற ஆண்பிள்ளைகளும் படித்துத் திருந்தட்டும். வெட்கப்படாதே, உன் பெயர் இதில் வராது. உன் மனைவிக்கும் ஷாமினி என்று வேறு பெயர் வைத்துவிட்டேன். அம்மாவின் பெயரையும் மாற்றலாம் என்றுதான் நினைத்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "என் பேரு அப்படியே வரட்டும். செஞ்சது நீங்கன்னாலும் சாப்பிட்டது நான்தானே" என்கிறாள். லெட்சுமி என்ற பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லி உத்தரவு வேறு.

ஷாமினிக்கு மசக்கை என்று நீ சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் குதித்தோம். ஆனால் நீ பேசப் பேச உன் குரல் இறங்கிப்போனது. எண்ணெய் காயும் வாசம் வந்தாலே அவளுக்குக் குடலைப் புரட்டுகிறது, பார்லி தண்ணீரும் பிஸ்கட்டும்தான் உள்ளே போகிறது, பூசினாற்போல இருந்த முகம் வற்றிவிட்டது என்றாய். நடுவில் ஒருநாள் மட்டும் "காரமா மொறுமொறுன்னு ஏதாவது" என்று கேட்டாளாம். நீ ஓடிப்போய் வாங்கிவந்தாயாம், வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். இதைச் சொல்லும்போது நீ பயந்திருந்தாய். தம்பி, அந்தப் பயத்தோடு நான் பல வாரம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதைத் தோற்கடித்தும் இருக்கிறேன். ஆகவே தைரியமாகப் படி.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நீ கடல் தாண்டி மிரி நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. விமானம் பிடித்து வந்தாய், ஆபரேஷன் முடியும்வரை இருந்தாய், அவள்தான் உன்னைத் திட்டித் திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். தினமும் நீ வீடியோவில் கூப்பிடுவாய், அவளும் பொட்டு வைத்துக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்துப் பேசுவாள். ஃபோனை வைத்தபின் நடந்ததுதான் நீ பார்க்காதது. மருந்து அவள் முடியைக் கொண்டுபோனதுகூட அவளுக்குப் பெரிதாக இல்லை. "ஷாம்பு மிச்சம்" என்றாள். ருசியைக் கொண்டுபோனதுதான் அவளை முறித்துப்போட்டது. எதை வாயில் வைத்தாலும் இரும்பு. "வாய்க்குள்ள பத்துக் காசு போட்டு ஒதுக்கிக்கிட்ட மாதிரி இருக்குங்க" என்பாள். கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சர்க்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. போதாததற்கு எண்ணெய் வாசம் ஒரு எமனாக வந்து சேர்ந்தது. நம் ஜெலுத்தோங் ஃப்ளாட்டைப் பற்றி உனக்குத் தெரியாததா? ஒரு மாடியில் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வாணலி. ஒரு வீட்டில் சம்பால் வதக்கினால், இன்னொரு வீட்டில் மீன் பொரிக்கும். வெயில் வேளையில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு இரண்டு பேரும் புழுங்கிக் கிடப்போம்.

சாப்பிடு, கொஞ்சம் சாப்பிடு, ஒரே ஒரு வாய் என்று நான் நாள் முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தேன். கஞ்சி வாங்கிவந்தேன், சூப் வாங்கிவந்தேன். அவளும் எனக்காக ஒரு வாய் வைத்துக்கொள்வாள், அதை விழுங்க அவள் படும் பாட்டை நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஷாமினியிடம் அந்த வேலையைச் செய்யாதே. சாப்பிடச் சொல்கிறவனுக்குச் சமைத்த புண்ணியம் கிடைக்காது. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே போகிற ஒரு வாயும் போகாது.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். எடை இன்னும் இறங்கினால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மருந்தைத் தள்ளிப்போட்டால் நோய் சும்மா இருக்குமா என்று நான் கேட்டதற்கு அவர் எடைச் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். கார் நிறுத்துமிடம்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உன் அம்மா பேசாமல் நடந்து நீ பார்த்திருக்கிறாயா? நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாசார் மாலாம், அதுதான் இரவுச் சந்தை, போட்டிருந்தார்கள். சந்தைக்குச் சாமான் இறக்கும் லாரிகளால் சாலை நெரிசல், கார் ஊர்ந்தது. பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து காகிதக் குவளையிலிருந்து ஃப்ரைஸ் எடுத்துச் சாஸில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தாள். அம்மா ஜன்னல் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அது மாதிரி ஒண்ணு வேணும்ங்க. காரமா, மொறுமொறுன்னு. சாஸ் தொட்டு."

பல வாரத்தில் அவள் வாயிலிருந்து 'வேணும்' என்று ஒரு சொல் வருகிறது! நான் காரை அப்படியே ஓரங்கட்டினேன். பின்னால் ஹாரன் அடித்தவன் என் அம்மாவைப் பற்றிக்கூடப் பேசினான், காதில் வாங்கவில்லை. ஓடிப்போய்ப் பெரிய குவளையாக வாங்கிக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்தேன். திறந்ததும் பொரித்த எண்ணெயின் வாசம் உள்ளே போனது. அவள் இரண்டு கையாலும் என்னைத் தள்ளிவிட்டு மறுபக்கம் திரும்பிக் குமட்டினாள். நான் கதவைச் சாத்திவிட்டு, சாக்கடையோரம் நின்று அந்தக் குவளையை நானே தின்று தீர்த்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை. அழுதுகொண்டேதான் தின்றேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. காரில் ஏறியதும் அவள் சொன்னாள், "எண்ணெ வாசம் மட்டும் இல்லன்னா சாப்பிட்டிருப்பேங்க." அந்த ஒரு வரியை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மருந்து ஏற்றும் வார்டில் இருக்கும் நர்ஸ் மிஸ்ஸிக்கு ஃபோன் பண்ணினேன். நம் தமிழ்ப்பெண்தான். "அங்கிள், வாய்ல புண்ணு இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப கொஞ்சம் காரம் பரவாயில்ல. ஆண்ட்டி எதக் கேக்குறாங்களோ அதக் குடுங்க. கஞ்சியக் காட்டி மெரட்டாதீங்க" என்றாள். உன் பிள்ளைத்தாய்ச்சி மனைவிக்கும் நீ டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுவிடு.

நம் வீட்டு ஓவன் உனக்கு நினைவிருக்கும். தீபாவளிக்குப் பலகாரத்தோடு பிஸ்கட் சுட மட்டும் வெளியே வரும், மற்ற நாளெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டுக் குளிர்பெட்டி மேல் தூங்கும். அதை இறக்கித் துடைத்தேன். ஓவனில் சுட்டால் எண்ணெய் காய்கிற வாசம் இருக்காது என்று ஒரு கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் உருளைக்கிழங்கை வெட்டி, கழுவி, ஈரத்தோடு மிளகாய்த் தூளும் கறித்தூளும் கை நிறைய அள்ளிப் பிசறி, தட்டில் குவித்து, உச்சச் சூட்டில் உள்ளே தள்ளினேன். நம் வீட்டில் கறி பிரட்டும்போது தூளை முதலில்தானே வதக்குவார்கள்? ஓவனில் தூள் வதங்காது தம்பி, கருகும். கொஞ்ச நேரத்தில் ஓவன் கதவோரம் புகை கசிந்தது. என்னவோ ஆகிறதே என்று கதவைத் திறந்தேன் பார், கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மிளகாய் நெடி கூடத்துக்குப் பாய்ந்தது. அம்மா இருமினாள், நான் இருமினேன், கண் தெரியவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்து வெளியே நடைபாதையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். நோயாளியைக் காப்பாற்ற வந்தவன் புகை போட்டுக் கொல்லப் பார்த்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பத்மா அக்கா கிரில் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மூக்கை இழுத்துப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக, "யாருக்குண்ணே மொளகா சுத்திப் போட்டீங்க? லெட்சுமிக்கா? இவ்ளோ நெடி வருதே, அப்ப இவளுக்குக் கண்ணு ஒண்ணும் படல, பயப்படாதீங்க" என்றார். சுற்றிப்போட்ட மிளகாய் கமறாமல் எரிந்தால்தான் திருஷ்டி என்பது நம் சாத்திரம் அல்லவா? அம்மா இருமலுக்கு நடுவே மூச்சை இழுத்துக்கொண்டு, "கண்ணும் இல்ல, மண்ணும் இல்லக்கா. என் வீட்டுக்காரர் சமைக்கிறாரு" என்றாள். பத்மா அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உன் அம்மாவும் சிரித்தாள், இருமிக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பலம் வந்தது. முதல் பாடம் இதுதான்: மிளகாய்த் தூளைக் கடைசியில் போடு.

இரண்டாவது தடவை தூளைத் தொடவே இல்லை. வெறும் உப்பும் எண்ணெயும். புகை வரவில்லை, வாசம் வரவில்லை, மொறுமொறுப்பும் வரவில்லை. உனக்கு வந்த அதே கொழகொழ. அம்மா ஒன்றை எடுத்து நிறுத்திப் பார்த்தாள். அது தலையைக் குனிந்துகொண்டது. "இதுக்கு முதுகெலும்பே இல்லையேங்க" என்று சொல்லித் தட்டை மெதுவாகத் தள்ளிவைத்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அடுத்த எடை பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் ஓவனைக் குறை சொன்னேன், கிழங்கைக் குறை சொன்னேன், மின்சாரத்தைக்கூடக் குறை சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மறுநாள் அந்த மெத்தென்ற கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. உன் அப்பன் வேலையில் இருந்த காலமெல்லாம் பார்த்தது என்ன வேலை? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஓவன் பார்க்கிற வேலை! பாயான் பாரு பக்கம் நாம் வாடகைக்கு இருந்தபோது, நீ சின்னப்பிள்ளையாக, "எங்கப்பா கம்ப்யூட்டருக்கு ரொட்டி சுடுறாரு" என்று பள்ளியில் சொன்னதாக உன் டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். கம்ப்யூட்டர் பலகைகள் ஒரு நீண்ட ஓவனுக்குள் வரிசையாக ஊர்ந்து போகும், உள்ளே ஈயம் உருகிச் சில்லுகள் ஒட்டிக்கொள்ளும். சில்லு ஈரம் இழுத்திருந்தால் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி, உள்ளுக்குள்ளேயே வெடித்துக் கெட்டுப்போகும். அதனால் முதலில் ஈரத்தை வாங்க வேண்டும். பலகைகள் ஒன்றை ஒன்று இடிக்கக் கூடாது. புதிதாக வருகிற பையன்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியிருக்கிறது. அப்படிப்பட்டவன், சொட்டச் சொட்டக் கழுவிய கிழங்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து உள்ளே தள்ளினேன் என்றால், என்னை எதால் அடிப்பது? கிழங்கு வேகவில்லை தம்பி, தன் ஆவியில் தானே குளித்துக்கொண்டிருந்தது.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு பாசாருக்குப் போனேன். இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள், இதற்குத்தானே ஃபோன் பண்ணினாய். கிழங்கு பெரியதாக, மண் நிறத்தில், தோல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். கறிக்குப் போடுகிற வழவழப்பான மஞ்சள் கிழங்கு இதற்கு ஆகாது, மாவு பத்தாது. விரல் கனத்துக்கு வெட்டு, எல்லாம் ஒரே கனமாக இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீரில் அரைமணி நேரம் போடு. தண்ணீர் அரிசி கழுவினதுபோல வெளுக்கும், அதைக் கொட்டிவிட்டு இன்னொரு தண்ணீரில் அலசு. பிறகு சுத்தமான துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போட்டு ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் விட்டுவிடு. தொட்டால் கையில் ஈரம் ஒட்டக் கூடாது. நான் அன்றைக்குச் சோஃபாவின் மேல் துண்டு விரித்துக் காயவைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "கெழங்குக்கு நம்ம வீட்டுல சோஃபா, எனக்கு நாற்காலியா?" என்று கேட்டாள்.

காய்ந்த கிழங்கில் இரண்டு கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி சோளமாவு, அவ்வளவுதான். உப்பு இப்போது வேண்டாம், உப்பு ஈரத்தை இழுக்கும். வெறும் தட்டை ஓவனுக்குள் வைத்து இருநூற்று இருபது டிகிரிக்குச் சூடாக்கு. கிழங்கு போய் விழும்போது சுர்ரென்று சத்தம் கேட்க வேண்டும். ஒன்றோடு ஒன்று தொடாமல் பரப்பு. இடம் போதவில்லை என்றால் இரண்டு தடவையாகச் சுடு, பேராசைப்பட்டு அடைக்காதே. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், ஒரே வீட்டில் இருந்தாலும் ஆளுக்குக் கொஞ்சம் காற்று போக இடம் வேண்டும். சரி, அது வேறு கதை. பாதியில் ஒரு தடவை புரட்டிப்போடு. அதற்கு முன்னால் கதவைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்காதே. ஓரமெல்லாம் பொன்னிறமாகி, கரண்டியால் தட்டினால் சடசடவென்று பேச ஆரம்பிக்கும். அப்போது ஓவனை அணைத்துவிடு. தட்டை வெளியே எடுத்து மிளகாய்த் தூள், வறுத்துப் பொடித்த சீரகம், மிளகு, உப்பு எல்லாம் கலந்து தூவி, நன்றாகக் குலுக்கி, அணைத்த ஓவனுக்குள் மறுபடி கொஞ்ச நேரம் வை. அந்த மிச்சச் சூட்டில் தூளின் பச்சை வாசம் போகும், கருகாது.

சாஸ் என் சொந்தச் சரக்கு. அம்மாவின் வாயில் இருந்த இரும்பை எது வெட்டும் என்று யோசித்தேன். புளிப்புதான் வெட்டும். கிழங்கோடு ஒரு முழுப்பூண்டையும் தோலோடு ஓவனில் வைத்தேன், அது வெண்ணெய் மாதிரி குழைந்து இனிப்பாகிவிட்டது. அதைப் பிதுக்கி, கெட்டித் தயிரில் போட்டு, கெட்டியாகக் கரைத்த புளி ஒரு கரண்டி, கடையில் வாங்கின சில்லி சாஸ் ஒரு கரண்டி, சுரண்டின குலா மெலாக்கா வெல்லம் ஒரு சிட்டிகை போட்டு அடித்தேன். பச்சைப் பூண்டு போடாதே, அதன் வாசம் ஆகாது. வாணலி வைக்கவில்லை, தாளிக்கவில்லை. வீட்டில் ஏதோ சுட்ட ரொட்டி வாசம் மாதிரி லேசாக வந்ததே தவிர எண்ணெய் வாசம் துளிகூட இல்லை. அம்மா ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

தட்டில் கொஞ்சமாக வைத்தேன். மலைபோல வைத்தால் பார்த்தவுடனே வயிறு மூடிக்கொள்ளும். கரண்டி, முள்கரண்டி எதுவும் வைக்கவில்லை, இது கையால் எடுத்துத் தின்கிற பண்டம், இரும்பு உதட்டில் படவேண்டியதே இல்லை. அவள் முன்னால் வைத்துவிட்டு, "துணி காய்ஞ்சிருக்கும், எடுத்துட்டு வரேன்" என்று பின்பக்கம் போய்விட்டேன். கொடியில் துணியே இல்லை. சும்மா கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், காது மட்டும் கூடத்தில். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான், அது கிளம்பவும் இல்லை, நிற்கவும் இல்லை. அவனைச் சபித்தேன். அந்தச் சத்தம் நின்றதும்தான் கேட்டது.

மொறுக்.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. துப்பிவிடுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மறுபடி மொறுக். அதன் பின்னால் இன்னொன்று, சாஸ் கிண்ணம் தட்டில் உராயும் சத்தம், இன்னும் ஒன்று. தம்பி, நான் கோயில் மணி கேட்டிருக்கிறேன், நீ பிறந்தபோது உன் முதல் அழுகை கேட்டிருக்கிறேன். இந்தச் சத்தத்தை அவற்றோடு சேர்த்து வைக்கலாம். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள், பழைய குரலில், அடுத்த மாடிக்கும் கேட்கிற குரலில்:

"என்னங்க! இங்க வாங்க!"

ஓடினேன். தட்டு காலி. விரலில் ஒட்டின சாஸை நக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாஸ்ல உப்பு பத்தலங்க."

உப்பு பத்தவில்லையாம்! சர்க்கரையும் உப்பும் ஒன்றாகத் தெரிந்த நாக்கு உப்பு பத்தவில்லை என்று குறை சொல்கிறது! உலகத்தில் எந்தச் சமையல்காரனாவது அப்படி ஒரு குறையைக் கேட்டு ஆடியிருப்பானா? நான் ஆடினேன். நிஜமாகவே கூடத்தின் நடுவில் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆடினேன். "பைத்தியமா புடிச்சிருச்சு? உப்பக் கொண்டாங்க, மிச்சக் கெழங்கையும் கொண்டாங்க" என்றாள். கொண்டுவந்தேன். அதையும் தின்றாள். பத்மா அக்கா வீட்டுக் கிரில்லைத் தட்டி, "அக்கா, லெட்சு சாப்பிட்டாக்கா! உப்பு பத்தலன்னு சொன்னாக்கா!" என்று கத்தினேன். அவர் எதுவும் கேட்காமல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எதிர்வீட்டுச் சீன அம்மா என்ன ஏது என்று புரியாமலே எங்களோடு சேர்ந்து கைதட்டினார்.

அன்று தொடங்கி நம் வீட்டில் ஓவன் உறைக்குள் போகவே இல்லை. எல்லா நாளும் வெற்றி என்று சொல்லமாட்டேன். மருந்து ஏற்றிவந்த அடுத்த நாட்களில் அதுவும் இறங்காது, பேசாமல் எடுத்து வைத்துவிடுவேன், வற்புறுத்தமாட்டேன். மறுபடி வேணும் என்பாள், மறுபடி சுடுவேன். கிழங்கோடு வேறு பண்டங்களும் ஓவனுக்குள் போக ஆரம்பித்தன, கேரட், கோழி, மீன்கூட. வாணலியை வேண்டாமென்று ஒதுக்கினால் சமையலே இல்லை என்று நினைத்திருந்தேன். நம் நாக்குக்கு வேண்டியது காரமும் புளிப்பும் மொறுமொறுப்பும்தான், அது எந்த அடுப்பிலிருந்து வந்தால் என்ன?

எடை பார்க்கும் நாள் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசில் ஏறினாள். நான் சுவரில் ஒட்டியிருந்த எதையோ படிப்பதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியமில்லை. அந்த மிஸ்ஸிதான் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வார்டு என்பதையும் மறந்து, "ஆண்ட்டி, ஏறியிருக்குலா!" என்று கத்தினாள். ரொம்ப ஒன்றும் இல்லை, கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே மருந்து ஏற்றினார்கள். அதற்கடுத்ததும் ஏற்றினார்கள், கடைசிவரை ஒன்றைக்கூடத் தள்ளிப்போடவில்லை. உன் கல்யாணத்தில் புது முடி நரைத்துச் சுருண்டு நிற்க, பட்டுப்புடவையில் அவள் மேடையேறி நின்றாளே, எல்லோரும் உன்னையும் மணப்பெண்ணையும் பார்த்தார்கள், நான் அவளை மட்டும்தான் பார்த்தேன். போன மாதப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்றுதான் வந்திருக்கிறது.

இன்னும் ஒன்று உன்னிடம் சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எடை ஏறிய அந்த நாளுக்கு மறுநாள் காலை. நான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அறையிலிருந்து எழுந்து வந்தாள், தலையில் துண்டில்லை, வெறும் தலை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, ஏதோ தினமும் சொல்கிற மாதிரி, கொட்டாவி விட்டபடி சொன்னாள்:

"பசிக்குதுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். நோய் வந்தபின் அவள் சாப்பிட்டதெல்லாம் எனக்காக, டாக்டருக்காக, தராசுக்காக. அந்த உருளைக்கிழங்குகூட ஆசையால் தின்றதுதான். பசி என்பது வேறு தம்பி. உடம்பு தானாகவே இன்னும் இருக்க வேண்டும் என்று கேட்பது அது. நான் பத்திரிகையை மடித்துக்கூட வைக்கவில்லை, எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனேன். கிழங்கு வெட்டும்போது கத்தி தெரியாத அளவுக்குக் கண் மறைத்தது. "என்னங்க, வெங்காயமா வெட்டுறீங்க?" என்று அங்கிருந்தே கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகவே பயப்படாதே. கிழங்கைக் காயவை, இடைவெளி விட்டுப் பரப்பு, தூளைக் கடைசியில் தூவு, தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடு. முதல் நாள் தின்னவில்லை என்றால் அடுத்த நாள் சுடு. உப்பு பத்தவில்லை என்று சொன்னால் உனக்கு ஆடத் தெரிகிறதோ இல்லையோ ஆடு. அப்புறம் ஒருநாள், நீ வேறு ஏதோ வேலையாக இருக்கும்போது, ஷாமினி அந்தச் சொல்லைச் சொல்வாள். இந்தத் தடவை இரண்டு உயிர் சேர்ந்து சொல்லும். அப்போது எனக்கு ஃபோன் பண்ணாதே, எதுவும் பண்ணாதே. முதலில் அவளுக்குச் சாப்பாடு போடு.

உன் அப்பா